ஆளுக்கொரு ஊர்

என்னிடம் அவர் தன் ஊர் சாவகச்சேரி என்றார். பூமணி அக்காவிடம் பருத்தித்துறை. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குத் திருகோணமலை, மற்றவளுக்கு மன்னார். நாங்கள் நான்கு பேரும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார். பொய் சொல்கிறவர்கள் யாருக்கு எதைச் சொன்னோம் என்று நினைவில் வைத்திருக்கப் பாடுபடுவார்கள். அவருக்கு அந்தக் கவலையே இல்லை. இரண்டாம் தடவை கேட்டால் இன்னோர் ஊரைச் சொல்லுவார். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருக்காது.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரையே சொல்லாத மனுசியின் பெயரை நான் ஏன் சொல்லவேண்டும்? என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் எல்லோரும் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, வேலை அனுமதி கையில் கிடைத்த கிழமையே ஓடிப்போய் எங்காவது சேர்ந்துகொண்ட காலம். எனக்குக் கிடைத்தது மொன்றியலிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் ஒரு சலவைத் தொழிற்சாலை. மொன்றியல் ஹோட்டல்களில் யார் யாரோ படுத்தெழும்பிய விரிப்புகள் லொறி லொறியாக வரும். துவைத்து, ஆளுயர உருளைகளுக்குள் கொடுத்தால் மறுபக்கம் சுடச்சுட வெளியே வரும். அந்த மறுபக்கத்தில்தான் எங்களுக்கு வேலை. ஒரு விரிப்பைத் தனியாக மடிக்கமுடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மூலையோடு மூலை சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி நடந்து வரவேண்டும். நாள் முழுவதும் இதே நடைதான்.

யாரோடு யார் மடிப்பது என்று ஒருவரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் போர்த்துக்கல்காரி போர்த்துக்கல்காரியோடுதான் மடித்தாள். கிரேக்கப் பெண்கள் கிரேக்கப் பெண்களோடு, ஹெயிட்டிப் பெண்கள் ஹெயிட்டிப் பெண்களோடு, நாங்கள் எங்களோடு. சாப்பாட்டு மேசைகளும் அப்படித்தான். கனடாவில் எல்லோரும் சமம் என்று விமான நிலையத்தில் யாரோ சொன்னார்கள். சாப்பாட்டு அறைக்குள் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அக்கா மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரோடு மடித்தார். திங்கள் ஒரு கிரேக்கக் கிழவி என்றால் செவ்வாய் ஹெயிட்டிக்காரி ரோஸ். எங்களோடும் மடிப்பார், ஆனால் அதே முறை வைத்துத்தான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல ஒருவரோடு நின்றதைக் கண்டதில்லை. உட்கார்ந்து சாப்பிட்டதையும் கண்டதில்லை. சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போவார். ஓர் இடத்தில் ஒலிவ் காய் ஒன்று எடுத்து வாயில் போடுவார், இன்னோர் இடத்தில் வாழைக்காய்ப் பொரியல். மெற்றோவிலும் இதே கூத்துத்தான். ஒரு நிலையத்தில் கதவு திறந்ததும் இறங்கி ஓடி அடுத்த பெட்டிக்குள் ஏறிக்கொள்வார். பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு வந்தவர் திடீரென்று காணாமல் போய்விடுவார். பிறகு பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டுவார்.

"ஏன் அக்கா இப்பிடி ஓடித் திரியிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு இடத்திலை கனநேரம் நிண்டால் ஆரும் வந்து கதை கேப்பினம்," என்றார்.

பூமணி அக்காவுக்கு இதெல்லாம் கண்ணில் காட்டக்கூடாது. ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர், எங்கள் மேசையின் தலைவி. "வந்தவள் போனவளின்ரை பெட்டியிலை எல்லாம் கை வைச்சுச் சாப்பிடுறாள். ஆரெண்டும் தெரியாது, எவடமெண்டும் தெரியாது," என்று முணுமுணுப்பார். நானும் தலையாட்டுவேன். எனக்கும் தெரியவேண்டியிருந்தது. சும்மா ஓர் ஆவல்தான் என்று அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் வேலை முடிந்து இரண்டு பேரும் மெற்றோவுக்கு நடந்துகொண்டிருந்தோம். கேட்டே விட்டேன்.

"உண்மையிலை நீங்கள் எவடம் அக்கா?"

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"அப்ப கிளிநொச்சி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னோடையுமா? உங்கடை ஊரை வைச்சு நான் என்ன செய்யப்போறன்?"

அவர் நடப்பதை நிறுத்தினார். அவர் நின்று கதைத்தது அபூர்வம் என்பதால் நானும் நின்றேன்.

"ஊரைச் சொன்னால் எவடமெண்டு கேப்பினம். எவடமெண்டு சொன்னால் எந்தக் கோயிலடி எண்டு கேப்பினம். கோயிலைச் சொன்னால், எத்தினையாம் திருவிழா உங்கடை எண்டு கேப்பினம். அதையும் சொன்னால் பேந்து ஒண்டுமே கேக்கமாட்டினம். குடிக்கத் தண்ணிகூடக் கேக்கமாட்டினம்."

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு பகுதியாருடையது. எத்தனையாம் நாள் என்று தெரிந்தால் என்ன சாதி என்று தெரிந்துவிடும். வாயால் சாதி கேட்பது மரியாதை இல்லை என்பதால், படித்த நாங்கள் இப்படிச் சுற்றிவளைத்துக் கேட்போம். இது அவருக்குத் தெரிந்தது போலவே எனக்கும் தெரியும்.

"அப்ப ஊரைச் சொல்லமாட்டன் எண்டு நேரை சொல்லலாமே?" என்றேன்.

"சொன்னால் உடனை விளங்கிப்போடுமே. நாலு ஊர் சொன்னால் நாலு மாதத்துக்கெண்டாலும் குழம்பிக்கொண்டு இருப்பினம்." சொல்லிவிட்டு மறுபடி வேகமாக நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்தார். வழக்கமாக மற்ற மேசைகளைச் சுற்றிவிட்டுத்தான் எங்களிடம் வருவார். அன்று நேராக எங்களிடம் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே மெழுகுத் தாள் விரித்து அரியதரம் அடுக்கியிருந்தது. அந்தக் காலத்தில் மொன்றியலில் அதற்கு மா இடித்து, பாகு காய்ச்சி, பதம் பார்த்துச் சுடுவது என்றால் சும்மா இல்லை.

"மகளுக்கு இண்டைக்கு ஒன்பது வயசு. எடுங்கோ."

மகள் இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். சென்னையில், தெரிந்த குடும்பம் ஒன்றோடு விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஐயோ, இப்பதான் சாப்பிட்டு முடிச்சனான். வயிறு கல்லுப்போலை கிடக்கு," என்றார் பூமணி அக்கா. மன்னார் என்று சொல்லக் கேட்டவள் தனக்கு இனிப்பு ஒத்துவராது என்றாள். திருகோணமலை என்று சொல்லக் கேட்டவள் வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். விரதத்துக்கு அரியதரம் ஆகாது என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. தகரம் என் பக்கம் திரும்பியது. பூமணி அக்காவின் கண் என் கையில் இருந்தது. ஒன்றை எடுத்தேன். தாளில் சுற்றிக்கொண்டே, "பேந்து சாப்பிடுறன் அக்கா," என்றேன்.

"ஓம், பேந்து சாப்பிடுங்கோ," என்றார். பிறகு ரோஸின் மேசைக்குப் போனார். ரோஸ் மூன்றைத் தின்று, விரலை நக்கி, இதை எப்படிச் செய்வது என்று கேட்டாள்.

அந்த அரியதரம் என் குளிர் கோட்டுப் பையில் இருந்தது. ஆற்றுக்கு அடியால் வந்து, பெரி நிலையத்தில் மெற்றோ மாறி, ஜான்-டலோன் நிலையத்தில் இறங்கியதும் மேடையில் இருந்த குப்பை வாளிக்குள் அதைப் போட்டேன். பூமணி அக்கா அங்கே இல்லை. என்னைத் தெரிந்த ஒரு சனமும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மேசையில் சாப்பிடாததற்குப் பூமணி அக்காவைக் குற்றம் சொல்லலாம். மேடையில் எறிந்ததற்கு யாரைச் சொல்வது?

ஆடி மாதம் வந்தது. வெளியே வெயில், உள்ளே உருளைகளின் வெக்கை. காற்றாடிகள் இரண்டும் பழுதாகிப் பத்து நாள். நாங்கள் கந்தோருக்குப் போய் முறையிட்டோம். மற்ற ஒருவரும் முறையிடவில்லையே, உங்களுக்கு மட்டும் என்ன, உங்கள் நாடு இதைவிடச் சூடுதானே என்றார்கள். வெட்கப்பட்டுத் திரும்பிவந்தோம். அக்கா அன்று மேசை மேசையாகப் போய்விட்டு எங்களிடம் வந்தார்.

"கிரேக்கச் சனம் போன கிழமை கேட்டதாம். போர்த்துக்கல்காரியள் நேற்றுக் கேட்டவையாம். ரோஸ் ஆக்கள் ரெண்டு தரம் கேட்டவை. எல்லாருக்கும் ஒரே மறுமொழி. மற்றாக்கள் கேக்கேல்லையாம்."

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவர் தன் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்துவிட்டு லொறி வந்து நிற்கும் வாசலுக்கு நடந்தார். ரோஸ் போனாள். கிரேக்கக் கிழவி போனாள். பூமணி அக்காகூட வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனார். முப்பது பெண்கள் பத்து நிமிடம் வாசலில் நின்றோம். ஒருவரும் கத்தவில்லை. உள்ளே மடிக்க ஆளில்லாமல் விரிப்புகள் தரையில் விழுந்துகொண்டிருந்தன. மத்தியானத்துக்கு முன் காற்றாடிகள் சுற்றின. அந்த மத்தியானம் சாப்பாட்டு அறையில் யார் எந்த மேசையில் இருந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அவ்வளவு கலகலப்பு. அடுத்த நாள் எல்லோரும் அவரவர் மேசைக்குத் திரும்பிவிட்டோம்.

அந்த வருடம்தான் பழைய மேற்பார்வைக்காரி ஓய்வு பெற இருந்தார். மனேச்சர் புதிதாக வந்த கெபெக் பெண்மணி. மதாம் என்போம். வாசலில் நடந்தது பற்றி அவருக்குக் கோபம் இல்லை, யோசனைதான் வந்தது. இத்தனை பாஷைக்காரர்களும் ஒருத்தியின் பேச்சைக் கேட்கிறார்களே என்று அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். அக்கா வெளியே வந்து நேராக என்னிடம்தான் சொன்னார்.

"என்னைச் சுப்பவைசராப் போட யோசிக்கினமாம். நிரந்தர வேலை. நிரந்தரமெண்டு ஒரு கடிதம் தந்தால் பிள்ளையைக் கெதியாக் கூப்பிடலாமெண்டு லோயர் சொன்னவர்." கண் கலங்கியிருந்தது. "அவள் வந்திட்டாள் எண்டால் நானும் ஒரு இடத்திலை இருந்திடுவன்."

அந்தக் கிழமையே மதாம் என்னையும் கூப்பிட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் எங்கள் ஆட்களைப் பற்றி எது கேட்பதென்றாலும் என்னிடம்தான் கேட்பார்.

"அவள் யாரிடமும் உண்மை சொல்வதில்லை என்று உங்கள் மேசையிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். எந்த ஊர் என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொல்கிறாளாம். உண்மையா?"

"ஓம்," என்றேன். உண்மைதானே.

"ஏன் அப்படிச் சொல்கிறாள்? ஏதாவது செய்துவிட்டு ஒளிந்திருக்கிறாளா?"

இரண்டு வசனம் போதும். எங்களுக்குள் ஊர் கேட்பது சாதி கேட்பது, அதனால்தான் அவர் ஒளிக்கிறார் என்று சொல்லியிருந்தால் மதாமுக்கு விளங்கியிருக்கும். ஆனால் அதற்கு முந்தின கிழமைதான் எங்கள் தோல் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்த லொறிக்காரனை அதே மதாம் எங்கள் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார். நான் அழுதுகொண்டு நன்றி சொல்லியிருந்தேன். இப்போது அவருக்கு எதிரே இருந்துகொண்டு, நாங்கள் நான்கு பேரும் எங்களைப் போன்ற ஒருத்தியின் கையால் பலகாரம் வாங்கித் தின்னாதவர்கள் என்று எப்படிச் சொல்வேன்? எங்கள் மானம் போய்விடும் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

மதாம் நல்ல பெண்மணி. நம்பிவிட்டார். மேற்பார்வை வேலைக்கு நம்பகமான ஆள் வேண்டும் என்று சொல்லி, இரண்டு கிழமை கழித்து அதை எனக்குத் தந்தார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொழும்பில் என் கணவர் காத்துக்கொண்டிருந்தார்.

நான் புது வேலையில் ஏறுவதற்கு முதல் நாள் அக்கா வந்து எனக்கு எதிரே நின்று விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தார். உதறினோம். நடந்தோம். மூலை சேர்க்கும்போது அவர் முகம் என் முகத்துக்கு முன்னால் வந்தது.

"மதாமுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஆளுக்கொரு ஊர் சொல்லுறது உண்மையோ எண்டு கேட்டவ. ஓமெண்டு சொன்னனான்."

"அது உண்மைதானே." பின்னால் போனார். மறுபடி வந்தார். "ஏனெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"தெரியாதெண்டு."

அவர் மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்து, சுருக்கம் இல்லாமல் கையால் தடவிவிட்டார். "உங்களுக்குத் தெரியும்," என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. அடுத்த விரிப்பு வந்தது. அன்று பின்னேரம் வரை என்னோடுதான் மடித்தார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

என் கணவர் எனக்குக் கிடைத்த கடிதத்தில் வந்தவர். நான் மேற்பார்வை பார்த்த காலம் முழுவதும் ஒவ்வொரு காலையிலும் சோடிகளை மாற்றிவிட்டேன். ஒருத்தியும் தன் நாட்டுக்காரியோடு இரண்டு நாள் தொடர்ந்து மடிக்கவில்லை. மதாம் என்னைப் பாராட்டினார். யாருடைய யோசனை என்று நான் சொல்லவில்லை.

நாலு வருடம் போனது. ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் ஜான்-டலோன் சந்தையில் சோளப்பொத்தி வாங்கப் போனோம். பீச் பழம் குவித்திருந்த கடை ஒன்றில், இத்தாலியக் கிழவன் ஒருவனுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். நின்றார் என்பது பிழை. தக்காளிப் பெட்டிக்கும் தராசுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். ஒருவருக்குப் பிரெஞ்சில் விலை சொன்னார், கிழவனை இத்தாலியத்தில் அதட்டினார். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன, சுகமோ? இவர்தான் அவரோ? வந்திட்டாரே?"

"ஓம் அக்கா. மகள்?"

"வந்திட்டாள். போன வருசம். பத்து வயசிலை வரவேண்டியவள், பன்ரண்டிலை வந்தவள். சீப்பெடுத்துத் தலை இழுத்துவிடப் போனால் விடுறாள் இல்லை. தானே இழுப்பாளாம்."

மன்னியுங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஒரு பீச் பழத்தை எடுத்து, ஒரு துண்டு வெட்டி, அந்தச் சந்தைக்காரர் செய்வது போலக் கத்தி நுனியிலேயே என் பக்கம் நீட்டினார். என் இரண்டு கையிலும் பைகள் இருந்தன. என்ன செய்வது என்று தடுமாறினேன்.

"பேந்து சாப்பிடுறன் எண்டு சொல்லாதையுங்கோ," என்றார். "இஞ்சை கிட்டடியிலை குப்பை வாளி இல்லை."

அன்று அந்த மேடையில் அவரும் இறங்கியிருக்கிறார், பெட்டி மாறுவதற்கு. பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் மகளைப் பற்றி, கடிதத்தைப் பற்றி என்னிடம்தான் வந்து சொல்லியிருக்கிறார்.

பைகளைத் தரையில் வைத்துவிட்டு அந்தத் துண்டை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே தின்றேன். சாறு முழங்கை வரை வழிந்தது. கடைசி வாய் விழுங்கும்வரை பார்த்தார். பிறகு யாரோ கூப்பிட, தராசடிக்கு ஓடிவிட்டார்.

சோளப்பொத்திக் கடைக்கு நடக்கும்போது என் கணவர் கேட்டார்.

"ஆரப்பா அந்த அக்கா? ஊரிலை எவடம்?"

"இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி. ஏன்?"

"அப்ப வவுனியா," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.